எலி மதாம்

எங்கள் தெருவில் அவரை எலி மதாம் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் தபால்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது நினைத்தாலும் எலி மதாம் என்றுதான் வாயில் வருகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. மீன் விற்க வரும் அஞ்சலை ஒருநாள் தெருமுனையிலிருந்து, "எலி மதாமே, இந்தக் கூடைய ஒரு கை தூக்கி வுடு" என்று கத்தினாள். இவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தூக்கிவிட்டார். சைக்கிள் கேரியரில் நாலு பொறிகள் கட்டியிருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் ஒரு பெருச்சாளி சுற்றிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்கட்டுக்கு அவர் குடிவந்தார். வீட்டுச் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா. தொப்பி வைத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு அவரை விசாரித்தார். நான் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எத்தினி மாசம் இருப்பீங்க மதாம்?"

"தெரியலைங்க."

"இன்னா வேல?"

"எலி, பெருச்சாளிக்கெல்லாம் என்ன நோய் இருக்கு, அது மனுசங்களுக்கு எப்படி வருதுன்னு பாக்குற வேலை."

"எப்பிடி வருது?"

"அது தெரியாமத்தான் வந்திருக்கேன்."

சொல்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எலிய வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது" என்றார்.

"கொண்டு வர மாட்டேன். ஏற்கெனவே உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பு இல்லை."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே சாவியைக் கொடுத்தார்.

படித்தவர்கள் 'தெரியாது' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார், ரேஷன் ஆபீசர், கோர்ட்டில் வேலை செய்கிற என் சித்தப்பா, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இவர் அதைத் தண்ணீர் குடிப்பது போலச் சொல்வார். எதிர்வீட்டுக் கோழி செத்துவிட்டது, ஏன் மதாம் என்று கேட்டால், "தெரியல. எங்கெல்லாம் மேஞ்சுது?" பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "நான் ஊசி போடுற டாக்டர் இல்லைங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவன் எங்க விளையாடினான்?" பதில் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்க மாட்டார். அடுத்த நிமிஷம் அவர் கேட்கத் தொடங்குவார். யாரும் ஒருவரிடமும் கேட்காத கேள்விகள். குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது, அரிசி மூட்டையை எதன்மேல் வைக்கிறீர்கள், மழை பெய்தால் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், அதில் செருப்போடு நடப்பீர்களா வெறுங்காலோடா.

காலைப் பார்ப்பதும் அவர் வழக்கம். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் கீழே போய்விடும். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், முள் குத்திய தடம், எதையும் விட மாட்டார். பக்கத்து வீட்டில் பெண் பார்க்க உழவர்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது இவரையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் மாப்பிள்ளையின் மூக்கையும் முடியையும் பார்த்தபோது இவர் அவன் பாதத்தைப் பார்த்துவிட்டு, "விரலிடுக்குல புண்ணோட கழனியில இறங்குவீங்களா?" என்றார். அவன் விழித்துவிட்டு, "ஆமாங்க" என்றான். "தண்ணியில எலி நடமாட்டம் உண்டா?" என்று அடுத்த கேள்வி. சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தப் பையன் கல்யாணத்துக்கு அப்புறமும் எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் மூடிய ஷூ போட்டுக்கொண்டுதான் வந்தான்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது பைகளால். கனத்த காடாத் துணி கொண்டுவந்து, வாயில் சுருக்குக் கயிறு வைத்து நீளமான பைகள் தைத்துத் தரச் சொன்னார். தையல் இரட்டையாக இருக்க வேண்டும், நூல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். பருப்பு போட்டு வைக்க என்று நினைத்துக்கொண்டு நான் ஓரத்தில் சின்னதாகப் பூகூடப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு பை கிழிந்து திரும்பி வந்தது. கிழிசலைப் பார்த்தேன், கத்தரியால் வெட்டினதில்லை, பல்லால் கடித்தது.

"இதுல இன்னா போட்டீங்க?"

"பொறியில இருந்து எலிய இதுக்குள்ள விட்டுத்தான் எடுத்துட்டுப் போவோம். பூ நல்லா இருந்துது. ஆனா அந்தத் தையல் வழியாத்தான் கடிச்சுது."

நான் அந்தப் பையைக் குச்சியால் தள்ளி வெளியே போட்டேன். இனிமேல் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் பின்கட்டில் அவரே ஊசி நூலை வைத்துக்கொண்டு தைப்பதைப் பார்த்தேன். அவ்வளவு படித்த பொம்பளை, ஓட்டுத் தையல்கூடப் போட வராமல் விரலைக் குத்திக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்து தைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் ஊரை விட்டுப் போகும்வரை, எண்பதுகளின் நடுவரை, அத்தனை பைகளும் என் மிஷினில்தான் ஓடின. பூ மட்டும் போடுவதில்லை.

ஊருக்குள் கதைகள் நிறைய உலவின. எலித்தோலை உரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்றார்கள். சமைத்துச் சாப்பிடுகிறார் என்றார்கள். என் கணவர் மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார், பேச்சில் மன்னன். "நாடே முன்னேறிப் போவுது, நம்ம பின்கட்டுல ஒருத்தங்க எலிக்குக் கருவாடு போட்டு வளக்குறாங்க" என்பார். கருவாடு உண்மை. பொறிக்குள் வைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை என்று மதாம் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாரம் ஒருநாள் பின்கட்டில் கருவாடு சுடும் வாசனை வரும். கால்வாசிதான் எலிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கருவாட்டை அஞ்சலையிடம்தான் வாங்குவார். அவள் வைத்திக்குப்பத்துக்காரி. நல்ல சிநேகிதம். ஆனால் பொறி வைக்கவும் ரத்தம் எடுக்கவும் குப்பத்துக்குள் வருகிறேன் என்று மதாம் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் வாசலில்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"எங்க குப்பத்துல நோவு கீது... இருக்குதுன்னு நீ எழுதிப் போட்டா, நாளைக்கு எங்க மீன எவ மதாமே வாங்குவா?"

மதாம் அப்படியே நின்றுவிட்டார். "அத நான் யோசிக்கலை" என்றார்.

"யோசி" என்று சொல்லிவிட்டு அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ரெண்டு நாள் கழித்து மதாம் அவளை நிறுத்தி, எந்த இடத்தின் பெயரையும் எழுத மாட்டேன், கடலோரம் என்று மட்டும்தான் போடுவேன் என்றார். பொறி வைக்க விட்டார்கள். ரத்தம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஊசியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் தெருவிலும் அதே கதைதான். நானும் கொடுக்கவில்லை. உடம்பில் ஒன்றும் இல்லாதபோது எதற்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

"ஒண்ணும் இல்லாதப்பதான் வேணும்" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். எலியின் சிறுநீரகத்தில் ஒரு கிருமி குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அது மூத்திரம் பெய்கிற இடமெல்லாம் கிருமி இறங்கும். மழை வந்தால் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரில் புண்ணோடு, வெடிப்போடு ஒரு கால் நின்றால் உள்ளே ஏறிவிடும். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, ஒரே ஆளின் ரத்தத்தைப் பார்த்தால்தான் அந்த மழையில் அது உள்ளே போனதா என்று சொல்ல முடியும்.

"அப்ப எலிய எல்லாம் மருந்து வச்சுக் கொன்னுட்டா தீந்துது" என்றேன்.

"கொன்னா, குப்பை அங்கேயே கிடந்தா, வேற எலி வரும். எலி மட்டும் இல்லை. தண்ணி, மழை, சாக்கடை, கால் எல்லாம் சேந்தது. எது எவ்வளவுன்னு இன்னும் தெரியல."

அந்த வருஷம் மில்லைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் கணவர் முதலில் யூனியன் கூட்டம், ஊர்வலம் என்று போனார். பிறகு அதுவும் ஓய்ந்து, மில்லில் கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து ஒரு மேஸ்திரியிடம் வாய்க்கால் தூர் வாரும் வேலைக்குப் போனார். தறியில் நின்ற மனிதர் இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றார். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போவார். வேலை முடிவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையிலும் இறங்கினார்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி என்றார். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத உடம்பு என்று நாங்கள் நினைத்தோம். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்தது, கண்வலி என்று நினைத்தோம். அப்புறம் அந்தச் சிவப்பிலேயே மஞ்சள் ஏறியது. என் மாமியார் பார்த்துவிட்டு, "மஞ்சக் காமாலைடி. நாளைக்கு ஊருக்குக் கூட்டிகினு போயி கீழாநெல்லி அரச்சுக் குடுக்கலாம், சரியாப் பூடும்" என்றார். பஸ்ஸுக்குப் போக மூட்டைகூடக் கட்டிவிட்டார்.

மதாம் அந்த நாட்களில் ஊரில் இல்லை. பொறிகளோடு எங்கோ போயிருந்தவர் அன்று சாயங்காலம்தான் நனைந்துகொண்டே வந்தார். கிழிந்த பைகளைக் கொடுக்க எங்கள் பக்கம் எட்டிப்பார்த்தார். பாயில் கிடந்தவரின் காலைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது, குதிகாலில் தகரம் கிழித்த காயம். பைகளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து அவர் கெண்டைக்காலை மெதுவாகப் பிடித்து அழுத்தினார். வாசலில் நின்றவர்கள் ஓடி வருமளவுக்கு என் கணவர் அலறினார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

அவர் வெட்கப்பட்டு என்னைப் பார்த்தார். "நேத்து... ராவுல கொஞ்சம்."

அதைக் கேட்டதும் மதாம் எழுந்துவிட்டார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னார். பக்கத்தில் ஒரு டாக்டர் நாலைந்து கட்டில் போட்டு ஆஸ்பத்திரி வைத்திருந்தார், அங்கே போகலாம் என்றார்.

மாமியார் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "இன்னா நோவும்மா இது?"

"எனக்கு நிச்சயமாத் தெரியல."

"தெரியலன்னு சொல்லிகினே புள்ளய இழுத்துகினு போறேன்றியே, இன்னா ஞாயம்?"

"தெரிஞ்சுக்கறதுக்குள்ள கைய மீறிடும்மா. நான் சொல்றது தப்பா இருந்தா நாளைக்கு வந்து என்னைத் திட்டுங்க. பின்கட்டுலதான இருக்கேன்."

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். முடிவை என்னிடம் விட்டுவிட்டார் என்று புரிந்தது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. இத்தனை வருஷமாக எதைக் கேட்டாலும் தெரியாது என்று ஒதுங்குகிற மனுஷி, இன்று தெரியாமலே ஒன்றைப் பிடித்து இழுக்கிறாரே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. "ரிக்‌ஷா வரட்டும்" என்றேன்.

அந்த டாக்டர் வயதானவர், கைராசிக்காரர் என்று பெயர். மதாம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "காமாலைக்குப் பென்சிலின் எதுக்கும்மா?" என்றார்.

"இது எலியில இருந்து வர்ற காய்ச்சலா இருக்கலாம் டாக்டர். கெண்டைக்காலத் தொட்டாலே துடிக்கிறாரு."

"நம்ம ஊர்ல அது இருக்குன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் தேடிட்டு இருக்கேன்."

"நிரூபணம்?"

"ரத்தத்துல கிருமிய வளத்துப் பாக்க மாசக்கணக்குல ஆகும். அது வரைக்கும் இவர் இருக்கணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் போய் அந்தக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அலறல். "டெஸ்ட் டோஸ் போடுங்க" என்று நர்ஸிடம் சொன்னார்.

அப்போதுதான் மதாம் தன் கைப்பையிலிருந்து ஊசியும் மூடி வைத்த கண்ணாடிக் குழாய்களும் எடுத்தார். மருந்து போவதற்கு முன்னால் ரத்தம் வேண்டும் என்றார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

"இந்நேரத்துலகூட உங்களுக்கு ரத்தம்தானா மதாம்?"

"மருந்து உள்ள போயிட்டா அப்புறம் கிருமி கிடைக்காது" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். "நீங்க வேணாம்னா எடுக்கல."

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். "எடுத்துகினு போவட்டும். பை தைக்கறதத் தவிர வேற எதுக்கும் அவங்க நம்மகிட்ட வந்ததில்ல."

அவர் பிழைத்தார். பயமான நாட்கள் சில இருந்தன, அதையெல்லாம் எழுத எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஒருநாள் காலையில் சட்டி நிறையச் சிறுநீர் போனதும் என் மாமியார் குழந்தை பிறந்தது போல் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னார். மதாமைத் திட்ட அவர் போகவில்லை. மதாமுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்துக்கொண்டு போனார்.

ஆனால் அதே வாய்க்காலில் இறங்கிய இன்னொருவர், என் கணவருக்கு மில்லில் பக்கத்துத் தறிக்காரர், அதே வாரத்தில் காமாலை என்று ஊரில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டார். மதாம் அவர் வீட்டுக்கும் போனார். அழுதுகொண்டிருந்த வீட்டில் எதையும் கேட்க முடியாமல், பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

குழாய்களில் எடுத்த ரத்தம் என்ன ஆயிற்று என்று நாங்கள் விசாரித்துக்கொண்டே இருந்தோம். என் கணவருக்கு அதில் ஒரு பெருமை வந்திருந்தது. தன் உடம்பில் பிடித்த கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்கிறது என்று சாராயக்கடையில் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் மதாம் எங்கள் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வளரப் போட்டதில் வேறு ஏதோ கிருமி புகுந்து கெடுத்துவிட்டது, மீதியைக் குளிரில் வைத்திருந்தோம், புயலில் கரண்ட் போய் அதுவும் வீணாகிவிட்டது என்றார். துக்கம் சொல்ல வந்தவர் போல நின்றார்.

"போனா போவுது மதாம், ஆள் இருக்காரே" என்றேன்.

"ஆமாம்" என்றார். "அதுதான் வேணும்." ஆனாலும் நிற்கிற நிலையில் ஒரு தளர்ச்சி.

அடுத்த கோடையில் வடக்கே ஏதோ ஒரு பெரிய கூட்டத்தில் தன் வேலையைப் பற்றிக் கட்டுரை படிக்கப் போகிறார் என்று தெரிந்தது. இதற்குள் மில் திறந்து என் கணவர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அவர் சட்டை மாற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

"என்னப் பத்தி இன்னா எழுதியிருக்கீங்க மதாம்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல."

அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. மதாம் சிரிக்கவில்லை.

"ரத்தம் குடுத்தேன். மூத்திரம் குடுத்தேன். உசுரையே குடுக்கப் பாத்தேன். என்னச் சேக்கலையா?"

"காட்டறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. கிருமி வளரல. பழைய ரத்தமும் போச்சு."

"ஊசி போட்டுப் பொழைச்சேனே. அது போதாதா?"

"சில பேரு ஊசி போடாமலும் பொழைக்கறாங்க. வேற காமாலையாவும் இருந்திருக்கலாம். நான் அதுதான்னு நினைக்கறேன். நினைக்கறத எழுத முடியாது."

அதற்கப்புறம் அவர் மதாமோடு பேசவில்லை. பல வாரங்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம், "உன் சினேகிதிகிட்ட சொல்லு, கிணத்துக் கயிறு அறுந்து கெடக்குது" என்பார். மதாம் எதுவும் நடக்காதது போல அவருக்கு வணக்கம் சொல்வார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு ரெண்டு பேர் மேலும் எரிச்சல். ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று மதாமிடமே கேட்டேன். "அந்த ஒரு வரிய நம்பி இன்னொரு ஊர்ல ஒருத்தருக்கு ஊசி போடுவாங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் ஊற்றிக்கொள்ளவும் மறந்து எழுந்து போனார்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் சைக்கிள் சத்தம் நிறையக் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் என் கணவர் முன்னால், அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். மேஸ்திரியிடம் அந்த வருஷமும் வாய்க்கால் வேலைக்குப் போகப் போகிறவர்கள். சிலரை எனக்குத் தெரியும். செத்துப்போன தறிக்காரரின் தம்பியும் இருந்தார். எல்லோரையும் முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு, என் கணவர் பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

மதாம் ஈரத் தலையோடு வந்தார்.

"மழைக்கு முன்னாடி வேணும்னு சொல்லிகினே இருப்பீங்களே. இன்னும் தண்ணில இறங்கல. எடுத்துக்கங்க."

மதாம் வரிசையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். சட்டென்று உள்ளே போனார். வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, குழாய்களில் ஒட்ட ஆள் பேரை எழுதித் தரச் சொன்னார். நான் தையல் மிஷின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன்.

பாதியில் அஞ்சலை கூடையோடு வந்து எட்டிப்பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். "ஆம்பளைங்களுக்குத்தான் எடுப்பியா மதாமே? நாங்களுந்தான் மார்க்கெட்டுத் தண்ணில நாள் முச்சூடும் நிக்கிறோம்." வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அடுத்த வாரம் குப்பத்தில் கதவுகள் திறந்தன.

அந்த மழையில் அந்த ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை யாரும் கீழாநெல்லி தேடவில்லை. முதல் நாளே என் கணவர் சைக்கிளில் உட்கார வைத்து அதே டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார். மதாம் ரத்தம் எடுத்தார், பிறகு ஊசி போட்டார்கள். கண் மஞ்சள் ஆவதற்குள்ளேயே அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி கடைசியில் மதாம் எங்கள் ரெண்டு பேரையும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரச் சொன்னார். ரெட்டியார்பாளையம் போகிற வழியில் ஒரு பழைய வீடு அது. உள்ளே மருந்து நெடி, கூண்டுகளில் முயல்கள். ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கிய ஒரு அறையில் மைக்ராஸ்கோப் இருந்தது. அவர் குனிந்து எதையோ திருகித் திருகிச் சரி செய்தார். பிறகு எழுந்து, என் கணவருக்கு முக்காலியை நகர்த்தினார்.

"பாருங்க."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். பிறகு நானும் பார்த்தேன். கறுப்பான ஒரு வட்டம், அதற்குள் வெள்ளி இழை போல மெல்லிய நூல்கள், முனை கொக்கியாக வளைந்து, தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன. மிஷினில் ஓடுகிற நூலைவிட மெல்லிசு. அழகாகக்கூட இருந்தன என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ தெரியாது, எனக்கு அப்படித்தான் பட்டது.

"அவரு ரத்தத்துல இருந்து வளந்தது" என்றார் மதாம். காய்ச்சல் வந்த அந்த ஆளைச் சொன்னார். "சந்தேகமே இல்லை. இந்த ஊர்ல இருக்கு."

என் கணவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். "இவ்வளவுதானா" என்றார். பிறகு நிமிராமலே கேட்டார். "என் உடம்புலயும் இதுதான் இருந்துதா மதாம்?"

பக்கத்து அறையில் முயல் ஒன்று தட்டைக் கவிழ்த்தது. மதாம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழாய்கள் கெட்டுப்போய்விட்டன, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் சொல்ல முடியாது. அதைத்தான் சொல்வார், அவரால் வேறு எதையும் சொல்ல முடியாது. இருந்தாலும் கதவோரத்தில் நின்றபடி மனதுக்குள் அவரிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிடேன், உனக்கு என்ன குறைந்துவிடும்.

அவர் வெள்ளைக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"இருந்திருக்கும்" என்றார்.

என் கணவர் தலையாட்டினார். முக்காலியிலிருந்து எழுந்து, மதாமுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். சைக்கிளில் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு நெல்லித்தோப்பு வரைக்கும் ஓட்டினார். அங்கே ஒரு லாரிக்கு வழி விட்டுக் காலை ஊன்றி நின்றபோது பின்னால் திரும்பினார்.

"இருந்திருக்கும்னு சொன்னாங்க, கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

"அவங்களே சொன்னாங்க" என்றார். லாரி போனதும் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.